விமானம் ஏன் கிளம்பவில்லை?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சரியாக ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து ஓர் ஆகாய விமானம் புறப்படும்.

சிரிக்காதீர்கள். நாங்கள் குடியிருப்பது நங்கநல்லூரில். மொட்டை மாடியில் வடாம் பிழிந்து கொண்டிருக்கும்போதே நிஜ விமானங்கள் தலைக்கு மேல் இரைந்து கொண்டு போகும் பேட்டை. மீனம்பாக்கம் கூப்பிடு தூரம். ஆனால் நான் சொல்லும் விமானம் அங்கே நிற்பதல்ல. தையல் மெஷினுக்கும் ஊஞ்சலுக்கும் நடுவே ஒரு மேஜை மேல் நிற்பது. கம்ப்யூட்டர் விமானம். திரையில் ஓடுபாதை தெரியும். உயரம் காட்டும் முள், வேகம் காட்டும் முள் எல்லாம் தெரியும். கையில் பிடித்துக் கொள்ள ஒரு கைப்பிடி உண்டு. அதைப் பின்னுக்கு இழுத்தால் மூக்கைத் தூக்கிக் கொண்டு மேலே ஏறும்.

இதன் விமானி என் கணவர். வயது அறுபத்தெட்டு. பள்ளிக்கூட நாட்களில் பரங்கிமலை மேல் ஏறி உட்கார்ந்து, இறங்குகிற விமானங்களை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பாராம். விமானி ஆவது என்றே தீர்மானம். பதினாலாவது வயதில் மூக்குக் கண்ணாடி வந்தது, ஆசை போயிற்று. அப்புறம் முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஆபீஸில் தணிக்கைக் காகிதங்களோடு மல்லுக்கு நின்று விட்டு ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற புருஷர் பகல் முழுவதும் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புளி டப்பா ஏன் இந்த அலமாரியில் இருக்கிறது என்பது முதல் எல்லாவற்றுக்கும் தணிக்கை! இந்த நிலைமையில்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்த எங்கள் பையன், இந்த விமானத்தை வாங்கி வைத்து, எனக்குப் பெரிய உபகாரம் செய்தான்.

பையன் இருப்பது அமெரிக்காவில், நியூயார்க் ராஜ்யத்தில், பிங்ஹாம்டன் என்னும் சிறு பட்டணம். இரண்டு நதிகள் கூடும் இடம். இங்கே சாயங்காலம் ஏழு என்றால் அங்கே வெயில் காலத்தில் காலை ஒன்பதரை. அவன் அங்கே ஒரு விமானத்தில் உட்காருவான். இவர் இங்கே ஒன்றில். இருவரும் திரையிலுள்ள மீனம்பாக்கத்தில் சந்தித்து, ஒன்றாகக் கிளம்பி, திருச்சிக்கோ மதுரைக்கோ போய் இறங்குவார்கள்.

"ரெண்டாயிரம் அடியிலே இருக்கேன். நீ எங்கேடா?"

"உங்களுக்கு வலது பக்கம், அப்பா. காத்து கொஞ்சம் தள்றது. பார்த்துக்கோங்கோ."

பேச்சு இவ்வளவுதான். ஆனால் இதற்கு எவ்வளவு மதிப்பு என்பது எனக்குத் தெரியும். அப்பாவும் பிள்ளையும் டெலிபோனில் பேசினால் அரை நிமிஷத்தைத் தாண்டாது. "சௌக்கியமா?" "சௌக்கியம்." "இந்தா, அம்மாகிட்டக் கொடுக்கறேன்." தீர்ந்தது! விமானத்தில் ஏறி விட்டாலோ, ஒன்றரை மணி நேரம் காற்றையும் மேகத்தையும் பற்றிப் பேசிக் கொண்டே இருப்பார்கள். நான் அடுக்களையில் தோசை வார்த்தபடி கேட்டுக் கொண்டிருப்பேன். என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது. மனசு மட்டும் நிறைந்திருக்கும்.

இந்த ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சி மலைக்கோட்டைக்கு மேலே பறந்து கொண்டிருந்தபோது இருவருக்கும் சண்டை வந்து விட்டது. பேத்திக்கு ஆண்டு நிறைவு வருகிறது. இரண்டு பேரும் வந்து ஆறு மாதம் இருங்கள் என்றான் பையன்.

"அங்கே வந்து நாலு சுவத்துக்குள்ளே உட்கார்ந்துண்டு, ஜன்னல் வழியா மரத்தைப் பார்த்துண்டிருக்க என்னாலே ஆகாது" என்றார் இவர்.

"அப்போ பேத்தியையும் போட்டோவிலேயே பார்த்துண்டிருங்கோ!"

அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. இரண்டு விமானங்களும் தனித்தனியே திருச்சியில் இறங்கின. தோசை தீய்ந்து போனதுதான் மிச்சம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மணி ஏழு. இவர் மேஜை முன்னால் உட்கார்ந்து பித்தானை அழுத்தினார். வழக்கம்போல் விமானப் படம் வந்தது. கீழே ஒரு கோடு நீண்டு கொண்டே போயிற்று. பாதி தாண்டியிருக்கும். சட்டென்று எல்லாம் மறைந்து விட்டது! எச்சரிக்கை கிடையாது, மன்னிப்புக் கிடையாது. கம்ப்யூட்டரின் வெறும் திரை மட்டும் ஒன்றும் அறியாதது போல் முழித்துக் கொண்டிருந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே இடம், அதே மறைவு. மூன்றாவது தடவையும் அப்படியே. எழுந்து போய்ச் செய்தி கேட்க உட்கார்ந்து விட்டார்.

நான் பையனுக்குப் போன் செய்தேன். "அப்பாவோட விமானம் கிளம்பலைடா, கண்ணா."

"கிளம்பலையா, கிளம்பறதுக்கு இஷ்டமில்லையா?" என்றான்.

எனக்குத் திக்கென்றது. இவரிடம் போய், "ஏன்னா, அவனையே கேளுங்களேன். அவனுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

இப்போது விஷயம் உங்களுக்குப் புரிந்திருக்கும். ரிப்பேர் ஆனது ஒரு மெஷின். ஆனால் பிள்ளை அதை அப்பாவின் கோபம் என்று நினைத்தான். அப்பாவோ, தான் சொன்னால் பிள்ளை நம்பப் போவதில்லை என்று வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது ஞாயிறு போயிற்று, மூன்றாவதும் போயிற்று. ஏழு மணிக்கு வீட்டில் ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிடுவதைத் தவிர வேறு சப்தமில்லை. புளி டப்பா தணிக்கை மறுபடியும் ஆரம்பமாகி விட்டது. நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக் கொண்டேன்.

முதலில் எதிர் வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். என்ஜினீயரிங் மூன்றாவது வருஷம் படிக்கிறான், கெட்டிக்காரன். வந்ததும், "மாமி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேளா?" என்றான். பண்ணினோம். பலனில்லை. அவன் மளமளவென்று நாலைந்து இடங்களில் எதையெதையோ மாற்றினான். விமானம் முன்னைப் போலவே அதே இடத்தில் விழுந்தது. என்னென்ன மாற்றினாய் என்று கேட்டேன். அவனுக்கே நினைவில்லை.

அடுத்தபடி கடைத்தெருவிலிருந்து ரிப்பேர்காரர் ஒருவர் வந்தார். ஐந்து நிமிஷம் பார்த்தார். "கிராஃபிக்ஸ் கார்டு போச்சும்மா. முப்பத்தைந்தாயிரம் ஆகும். இல்லேன்னா எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போடணும்" என்றார். எல்லாவற்றையும் அழித்தால் மூன்று வருஷமாக இவர் பறந்த கணக்கும் அதோடு போய் விடும். காபிக்கு மட்டும் உபசாரம் பண்ணி அனுப்பி வைத்தேன்.

நான் இருபத்திரண்டாவது வயதில் ஒரு பாங்கியில் சேர்ந்து, முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் கைக்கணக்குக் காலம் அது. சாயங்காலம் லெட்ஜர் 'டாலி' ஆகாவிட்டால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஆயிரம் வரிகளில் எங்கோ ஒரு வரியில் தப்பு. அதைக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு முதல் முதல் வேலை கற்றுக் கொடுத்த தலைமைக் குமாஸ்தா மூன்று பாடம் சொன்னார். முதலாவது, பதறி நாலு இடத்தில் திருத்தாதே. ஒன்றைத் திருத்து, கூட்டிப் பார், எழுதி வை. இரண்டாவது, வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் யாரோ 54 என்பதை 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம். தப்பு எத்தனை என்பதிலேயே அது என்ன ஜாதி என்ற துப்பு இருக்கும். மூன்றாவது, முதல் வரியிலிருந்து தேடிக் கொண்டு போகாதே. பாதிப் பாதியாகப் பிரித்துப் பார். கம்ப்யூட்டருக்கு மட்டும் வேறு நியாயமா, என்ன? பால் கணக்கு நோட்டை எடுத்து வைத்துக் கொண்டு எதிர் வீட்டுப் பையனை மறுபடி கூப்பிட்டேன்.

"ஒரு விளையாட்டுக்கு இத்தனை பாடா, மாமி?" என்றான் அவன்.

"விளையாட்டா? உட்காரு, சொல்றேன்" என்றேன்.

இந்த 'நின்ற இடத்தில் பறக்கும் விமானம்' பிறந்த ஊரே எங்கள் பையன் இருக்கும் பிங்ஹாம்டன்தான். அங்கே எட்வின் லிங்க் என்று ஒருவர் இருந்தார். அவர் தகப்பனாருக்குப் பியானோவும் ஆர்கன் வாத்தியமும் செய்யும் தொழிற்சாலை. நம் ஆர்மோனியத்துக்கு இருப்பது போல ஆர்கனுக்கும் காற்றுத் துருத்தி உண்டு. பிள்ளைக்கோ விமானப் பைத்தியம். பறக்கக் கற்றுக் கொள்ள ஆகும் செலவோ அதிகம். அந்தத் துருத்திகளையும் குழாய்களையும் வைத்தே, தரையில் நின்றபடி சாய்ந்தும் நிமிர்ந்தும் ஆடும் ஒரு குட்டி விமானத்தை 1929-ல் செய்து முடித்தார். முதலில் அதை வாங்கியவர்கள் பொருட்காட்சிக்காரர்கள். காசு போட்டால் குழந்தைகள் ஏறி ஆடலாம்!

1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் மூட்டைகளைக் கொண்டு போக நேர்ந்தது. இரவிலும் பனியிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழக்கமில்லாததால் பலர் உயிரிழந்தார்கள். அப்போது ராணுவ அதிகாரிகளைப் பார்க்க லிங்க், நியூவார்க் விமான நிலையத்துக்கு வந்தார். எப்படி வந்தார் தெரியுமா? யாரும் பறக்கத் துணியாத மூடுபனியில், கருவிகளையே நம்பித் தாமே விமானம் ஓட்டிக் கொண்டு வந்து இறங்கினார்! அதற்கு மேல் வேறு சிபாரிசு எதற்கு? ராணுவம் ஒன்று 3,500 டாலர் வீதம் ஆறு பெட்டிகள் வாங்கியது. இரண்டாவது உலக யுத்தத்தில் லட்சக்கணக்கானவர்கள் அந்த நீலப் பெட்டிகளில் உட்கார்ந்து பழகித்தான் ஆகாயத்தில் ஏறினார்கள். இன்றும் பிங்ஹாம்டன் விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான்: லிங்க் ஃபீல்ட்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படி மாமி தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை தோசை வார்க்கறச்சே அப்பாவும் பிள்ளையும் பேசிண்டது. நீ நோட்டைப் பிரி."

முதல் கேள்வி: எந்த இடத்தில் விழுகிறது? ஒவ்வொரு தடவையும் கோடு அதே அளவு நீண்ட பிறகுதான். இது நல்ல துப்பு. சூடு ஏறியோ, மின்சாரம் போதாமலோ விழுவதானால் ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று விழும். தவறாமல் ஒரே படியில் தடுக்கி விழுகிறது என்றால் அந்தப் படியில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது: கார்டு நிஜமாகவே போய் விட்டதா? பையன் கார் பந்தய விளையாட்டு ஒன்றைப் போட்டு அரை மணி நேரம் ஓட விட்டான். படம் பிசிறில்லாமல் வந்தது. கார்டு செத்திருந்தால் அது இப்படி ஓடுமா? முப்பத்தைந்தாயிரம் ரூபாய் மிச்சம் என்று எழுதிக் கொண்டேன்.

மூன்றாவது: கம்ப்யூட்டர் தனக்குத்தானே ஒரு நாட்குறிப்பு எழுதி வருகிறது, அதற்கு 'ஈவென்ட் வியூவர்' என்று பெயர். எந்த நேரத்தில் எந்தப் புரோகிராம் விழுந்தது, எந்தப் பகுதியில் விழுந்தது என்று அதில் இருக்கும். விமானம் விழுந்த ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரே குறியீடு எழுதியிருந்தது. 'சி' என்ற எழுத்து, பிறகு ஆறு பூஜ்யம், ஓர் ஐந்து. அதாவது, தனக்குச் சொந்தமில்லாத ஞாபக இடத்தில் புரோகிராம் கை வைத்து விட்டது என்று பொருளாம். அடுத்த வீட்டுக் கதவைத் திறக்கப் போனவனைக் காவல்காரன் வெளியே தள்ளுவது போலக் கம்ப்யூட்டர் அதை வெளியே தள்ளி விட்டது. என்ன நடந்தது என்பது இதில் தெரிகிறது. ஏன் நடந்தது என்பது தெரியவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கார்டை ஓட்டுவதற்கான டிரைவர் என்னும் புரோகிராமைப் புதிதாகப் போட்டோம், பலனில்லை. கைப்பிடியையும் காதில் மாட்டும் கருவியையும் கழற்றி விட்டுப் பார்த்தோம், பலனில்லை. விமானத்தின் ஏற்பாடுகளையெல்லாம் குறித்து வைத்திருக்கும் ஃபைல் ஒன்று உண்டு. அது கெட்டிருந்தால் கிளம்பாதாம். பையன் அதை அழிக்கப் போனான். "அழிக்காதே. பேரை மாத்தி வை" என்றேன். பெயர் மாற்றினால் புரோகிராம் அதைக் காணோமென்று புதிதாக ஒன்று எழுதிக் கொள்ளும். நம் பழைய ஃபைலும் பத்திரமாக இருக்கும். அப்படியும் கிளம்பவில்லை. பழையதற்குப் பழைய பெயரையே வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி.

மிச்சமிருந்தது 'ஆட்-ஆன்' என்னும் சேர்ப்புச் சாமான்கள். கொலுவுக்கு வருஷா வருஷம் புதுப் பொம்மை வாங்கிச் சேர்க்கிறோமே, அது போல இதற்கும் புது விமானங்கள், ஊர்கள், விமான நிலையங்கள் என்று வாங்கிச் சேர்க்கலாம். எல்லாம் ஒரு பெட்டிக்குள் இருக்கும். கிளம்பும்போதே புரோகிராம் அந்தப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துக் கொள்ளும். நாம் அந்த ஊருக்குப் போகிறோமோ இல்லையோ, படிப்பது என்னவோ எல்லாவற்றையும்தான். மூன்று வருஷத்தில் முப்பத்தாறு சேர்ந்திருந்தது.

பெட்டி முழுவதையும் எடுத்து வேறிடத்தில் வைத்து விட்டுப் பித்தானை அழுத்தினோம். கோடு நீண்டது. பாதியைத் தாண்டிற்று. முழுவதும் போயிற்று. மீனம்பாக்கம் ஓடுபாதை பளிச்சென்று தெரிந்தது!

ஊஞ்சலில் பத்திரிகை படித்துக் கொண்டிருந்தவரின் கால், ஆட்டத்தை நிறுத்தி விட்டது. ஆனால் பத்திரிகை கீழே இறங்கவில்லை.

குற்றவாளி முப்பத்தாறு பேரில் ஒருவன். ஒருமுறை கிளப்பிப் பார்க்க ஏழெட்டு நிமிஷம் ஆகிறது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் நாலு மணி நேரத்துக்கு மேல் போகும். பாதிப் பாதியாகப் பிரித்தால் ஆறு தடவையில் பிடித்து விடலாம். முதல் பதினெட்டை உள்ளே வைத்தோம். கிளம்பிற்று. சரி, அப்படியானால் கள்ளன் இரண்டாவது பதினெட்டில் இருக்கிறான். முதல் பதினெட்டை எடுத்து விட்டு, இரண்டாவதை வைத்தோம்.

அதுவும் கிளம்பிற்று!

"தானாவே சரியாப் போச்சு, மாமி!" என்று துள்ளினான் பையன். முப்பத்தாறையும் சேர்த்து வைத்துப் பார்த்தோம். பழைய இடத்தில் பழையபடியே தொப்பென்று விழுந்தது.

கொஞ்ச நேரம் எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் சட்டென்று பிடிபட்டது. கல்யாண வீட்டில் பார்த்திருப்பீர்கள். இந்தச் சம்பந்தி தனியே இருந்தால் தங்கமான மனுஷர். அந்தச் சம்பந்தியும் அப்படியே. இருவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தால்தான் ரகளை. ஆகவே இங்கே குற்றவாளி ஒருவனல்ல. இரண்டு பேர். ஒருவன் முதல் பாதியில், மற்றவன் இரண்டாம் பாதியில். தனித்தனியே விசாரித்தால் இருவரும் நிரபராதிகள்.

இதற்கும் வழி உண்டு. முதல் பதினெட்டையும் அப்படியே உள்ளே வைத்துக் கொண்டு, இரண்டாவது பதினெட்டைப் பாதி பாதியாகச் சேர்த்துப் பார்த்தோம். ஐந்தாவது தடவையில் ஒன்று அகப்பட்டது. பிறகு அந்த ஒன்றை மட்டும் வைத்துக் கொண்டு, முதல் பதினெட்டைப் பாதி பாதியாகக் கழித்தோம். இன்னொன்றும் அகப்பட்டது. அப்போது இரவு மணி பதினொன்று. இரண்டையும் மட்டும் சேர்த்து வைத்து ஒரு தடவை பார்த்தோம்: விழுந்தது. ஒன்றை எடுத்து விட்டு மற்ற முப்பத்தைந்தையும் வைத்தோம்: கிளம்பிற்று. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

நோட்டில் எழுதுவதற்காகப் பெயர்களைப் படித்தேன். இரண்டும் ஒரே பெயர். லிங்க் ஃபீல்ட்!

பிங்ஹாம்டன் விமான நிலையம்; வெவ்வேறு பேர் செய்த இரண்டு பிரதிகள். ஊருக்கு வெளியே ஒரு குன்றின் தலையைச் சமன் செய்தது போல், கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரத்து அறுநூறு அடிக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கும் இடம் அது. ஒரு பிரதி, 'இங்கே தரை இப்படி, ஓடுபாதை இப்படி' என்கிறது. இன்னொன்றும் அதே இடத்தில் நின்று கொண்டு, 'இல்லை, நான் சொல்வதுதான் சரி' என்கிறது. சில சமயம் இது கட்டடங்கள் இரட்டையாகத் தெரிவதோடு போய் விடுமாம். ஆனால் ஒன்று, பழைய பதிப்புக்காகச் செய்தது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக் கொண்ட புரோகிராம் பாவம், என்ன செய்யும்?

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதைச் சேர்த்த தேதி இருந்தது. பழையது, மூன்று வருஷத்துக்கு முன்னால் பையனே போட்டுக் கொடுத்தது. புதியது? தேதியைப் பார்த்தேன். நோட்டுக்குப் பின்னால் காலண்டரைப் புரட்டினேன். சண்டை நடந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறு நாள். திங்கட்கிழமை இரவு, மணி ஒன்று நாற்பது.

எதிர் வீட்டுப் பையனை வீட்டுக்கு அனுப்பி விட்டு ஊஞ்சலண்டை போனேன்.

"ஏன்னா, திங்கக்கிழமை நடு ராத்திரி யார் முழிச்சிண்டிருந்தா?"

பத்திரிகைக்குப் பின்னாலிருந்து பதில் வரவில்லை.

"அவன் ஊர் விமான நிலையத்தைப் புதுசா வாங்கிப் போட்டிருக்கேளே!"

"பழசிலே கட்டடம் எல்லாம் சரியா இல்லை" என்றார் மெதுவாக. "அவன் தினம் கார்லே போற ரோடு புதுசிலே தெரியறதாம். ஞாயித்துக்கிழமை அவன்கிட்டே சொல்லாமலே அங்கே போய் இறங்கலாம்னு பார்த்தேன். மலை மேலே இருக்கோல்லியோ? காத்து குறுக்கே அடிக்கும். பழகிக்கணுமேன்னு..."

அதற்கு மேல் அவருக்கும் சொல்ல வரவில்லை. எனக்கும் கேட்க வரவில்லை. நாலு சுவர்களுக்குள் உட்கார வரமாட்டேன் என்றவர், வாசல் வரையாவது போய் நிற்பதற்கு வழி தேடியிருக்கிறார். அந்த வழியே கதவை அடைத்து விட்டது!

"ரெண்டிலே ஒண்ணுதான் இருக்கலாம்" என்றேன்.

"அவன் போட்டது இருக்கட்டும். நான் போட்டதை எடுத்துடு."

உள்ளே போய்ப் பையனுக்குப் போன் செய்தேன். அழவும் இல்லை, உபதேசம் செய்யவும் இல்லை. பாங்கிக்காரியாகவே பேசினேன். "ரிப்பேர் அகப்பட்டுடுத்துடா. லிங்க் ஃபீல்ட் ரெண்டு இருக்கு. எதை வெச்சுக்கறது?"

"ரெண்டா? நான் ஒண்ணுதானே போட்டேன். இன்னொண்ணை யார் போட்டா?"

"அப்பா."

"எப்போ?"

தேதியையும் நேரத்தையும் நோட்டைப் பார்த்து வாசித்தேன். அந்தப் பக்கம் வெகு நேரம் சப்தமே இல்லை. போன் அறுந்து விட்டதோ என்று நினைத்தேன்.

"அம்மா, அப்பா போட்டதையே வெச்சுக்கோ. நான் போட்டதை எடுத்துடு" என்றான்.

மூன்று வாரமாக ஆளுக்கொரு மலை மேல் நின்றவர்கள், ஒரே ராத்திரியில் விட்டுக் கொடுப்பதிலும் போட்டி போட்டார்கள். இந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொன்னேன். புதியது இருக்கட்டும், அதுதான் இந்தப் பதிப்புக்கு ஏற்றது. பழையதை அழிக்கவில்லை. தனியாக ஒரு பெட்டியில் பெயர் எழுதிப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். பிள்ளை முதன் முதலில் கொடுத்த சாமானை எந்தத் தாயார் தூக்கிப் போடுவாள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு விமானம் கிளம்பிற்று. மதுரைக்கு இல்லை, திருச்சிக்கும் இல்லை. இவர் புறப்பட்ட இடமே பிங்ஹாம்டனுக்குப் பக்கத்து ஊர். நான் தோசைக் கல்லை அணைத்து விட்டு, இந்தத் தடவை கூடத்துக்கே வந்து உட்கார்ந்து கொண்டேன். காடும் மேடுமாகப் பச்சைப் பசேலென்று ஒரு தேசம் கீழே நகர்ந்தது. தூரத்தில் குன்றின் மேல் கறுப்பாக ஒரு கோடு.

"காத்து இடது பக்கத்திலேர்ந்து, அப்பா. மூக்கைக் கொஞ்சம் திருப்பியே வாங்கோ. அவசரமில்லை."

"தெரியறதுடா, தெரியறது."

ஒரு தரம் தரையில் பட்டுத் துள்ளிற்று. இன்னொரு தரம் துள்ளிற்று. அப்புறம் ஓடி, நின்றது. என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டார்.

"வந்துட்டேளே! வாங்கோ, அப்பா" என்றான் பையன்.

அன்றைக்கு அவர்கள் காற்றைப் பற்றியும் மேகத்தைப் பற்றியும் வேறு ஒன்றும் பேசவில்லை. பேத்திக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

மறு நாள் காலை காபி கொடுக்கப் போனேன். "நம்ம பாஸ்போர்ட் எந்த வருஷம் வரைக்கும் இருக்கு?" என்று கேட்டார்.

"புளி டப்பாவுக்குப் பக்கத்து அலமாரியிலே இருக்கு. நீங்களே பாருங்கோ" என்றேன். எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தியே தணிக்கை செய்து கொண்டிருப்பது?